வரிசையில் நிற்பவரை இரண்டு முறை எண்ணாதீர்கள்: தரவரிசைக் கணக்குகள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வரிசை, தரவரிசைக் கணக்குகள்தான். தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 எழுதுகிறவர்கள், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள், வங்கித் தேர்வுக்காரர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

வரிசையில் ஒருவர் இடமிருந்து எத்தனையாவது, வலமிருந்து எத்தனையாவது என்று கொடுத்தால், மொத்தம் கண்டுபிடிக்க 1 கழிக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது. (விருதுநகர் வாசகர்)

இடமிருந்து எண்ணும்போதும் வலமிருந்து எண்ணும்போதும் அந்த ஆளை எண்ணிவிட்டீர்கள். ஒருவரை இரண்டு முறை எண்ணியதால் ஒன்றை எடுத்துவிடுகிறோம். இரண்டு இடங்களையும் கூட்டி 1 கழித்தால் மொத்தம். மறுபக்க இடம் வேண்டுமென்றால், மொத்தத்திலிருந்து இடமிருந்து அவர் எத்தனையாவது என்பதைக் கழியுங்கள். கிடைப்பது அவருக்கு வலப்புறம் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது. அவரையும் சேர்க்க 1 கூட்டுங்கள். அந்த 1 யார் என்று தெரிந்துவிட்டால் குழப்பம் வராது.

தேர்ச்சி பெற்றவர்களில் ஒருவன் மேலிருந்து 12வது, கீழிருந்து 27வது. 7 பேர் தோல்வி, 4 பேர் தேர்வுக்கே வரவில்லை. வகுப்பில் எத்தனை பேர்? (கரூர் வாசகி)

தேர்ச்சி பெற்றவர்கள் 38. அதோடு 11 சேர்த்தால் 49. தேர்வுக்கு வராதவரும் அந்த வகுப்பு மாணவர்தான், விட்டுவிடாதீர்கள்.

செல்வி பானுவை விட 6 ரேங்க் முன்னால். பானு கடைசியிலிருந்து 15வது. வகுப்பில் 46 பேர். செல்வியின் ரேங்க் 25 என்று போட்டேன், விடைக்குறிப்பில் 26 என்று இருக்கிறது. எது சரி? (திருவண்ணாமலை வாசகர்)

26தான். பானு மேலிருந்து 46 கழித்தல் 15 கூட்டல் 1, அதாவது 32. ஆறு ரேங்க் முன்னால் என்றால் 26. நீங்கள் இருவருக்கும் நடுவில் 6 பேர் இருப்பதாக நினைத்து 7 கழித்துவிட்டீர்கள். "6 ரேங்க் முன்னால்" என்பது வேறு, "இடையே 6 பேர்" என்பது வேறு. முன்னதில் நடுவே 5 பேர்தான் இருப்பார்கள்.

"ஆனந்த் இடமிருந்து 18வது, செல்வம் வலமிருந்து 15வது, இடையில் 5 பேர். மொத்தம் எத்தனை?" என் புத்தகத்தில் 38, நண்பன் 26 என்கிறான். எந்த ஃபார்முலா சரி? (மதுரை வாசகர்)

தம்பி, கேள்வியை முழுசாக எழுதி அனுப்பியிருந்தால் நீங்களே விடையைப் பார்த்திருப்பீர்கள். "குறைந்தபட்சம் எத்தனை பேர்" என்ற சொல் அதில் இருந்ததா, இல்லையா? அந்த ஒரு சொல் இல்லாமல் 38, 26 இரண்டுமே சரிதான். அப்படியொரு கேள்விக்குத் தெரிவுகளில் "தகவல் போதாது" இருந்தால் அதுதான் விடை.

எப்படி இரண்டு விடை வருகிறது? ஒரு கோடு போடுங்கள். ஆனந்த் இடப்பக்கம், செல்வம் அவருக்கு வலப்பக்கம், நடுவில் 5 பேர். 18, 5, 15 மூன்றையும் கூட்டினால் 38. இப்போது செல்வத்தை ஆனந்துக்கு இடப்பக்கம் நிறுத்துங்கள். இருவரும் ஒருவரையொருவர் தாண்டி நிற்கிறார்கள். இடமிருந்து ஆனந்த் வரைக்கும், வலமிருந்து செல்வம் வரைக்கும் எண்ணும்போது நடுவில் உள்ள 5 பேரும் அவர்கள் இருவரும், ஆக 7 பேர், இரண்டு முறை எண்ணப்படுகிறார்கள். 18 கூட்டல் 15 கழித்தல் 7, அதாவது 26. குறைந்தபட்சம் கேட்டால் 26.

இங்கே எனக்கு நெடுநாளாக உள்ள ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு பக்க ஃபார்முலா அட்டவணை சுற்றிக்கொண்டிருக்கிறது. "குறைந்தபட்சம் என்றால் இரண்டையும் கூட்டு, இடையில் உள்ளவர்களைக் கழி, மேலும் 2 கழி" என்று ஒரு வரி அதில் இருக்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். போன மாதம் என் வகுப்பில் ஒரு மாணவியிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: ஒருவர் இடமிருந்து 4வது, இன்னொருவர் வலமிருந்து 20வது, இடையே 5 பேர், குறைந்தபட்சம் எத்தனை பேர்? பத்து விநாடியில் 17 என்று எழுதிக் காட்டினாள். அவளுடைய ரஃப் ஷீட்டில் 4, 20, 5, 2 என்ற நான்கு எண்கள் மட்டும் இருந்தன, ஒரு கோடு கூட இல்லை. "17 பேர் இருக்கிற வரிசையில் வலமிருந்து 20வது ஆள் எங்கேம்மா நிற்பார்?" என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே கோடு போட்டாள். நாலாவது ஆளுக்கு இடப்பக்கம் இருப்பதே 3 பேர். அதற்குள் 5 பேரையும் இன்னொருவரையும் எப்படி நிறுத்துவது? முடியாது. ஆகவே தாண்டி நிற்கும் பேச்சே இல்லை, விடை 29.

அந்தப் பெண் கெட்டிக்காரி. தவறு அவள் பேரில் இல்லை, அட்டவணையில் பாதியைத்தான் எழுதியிருந்தார்கள். இடையில் உள்ளவர்களோடு 2 கூட்டினால் வரும் எண்ணை விட, கொடுத்த இரண்டு இடங்களில் ஒன்று சிறியதாக இருந்தால் அந்த ஃபார்முலா செல்லாது. மதுரைக் கணக்கில் அந்த எண் 7. 18, 15 இரண்டும் அதைவிடப் பெரியவை, அதனால் சரியாக வந்தது. இந்த நிபந்தனையையும் சேர்த்து மனப்பாடம் செய்வதை விட ஒரு கோடு போடுவது சுலபம். ஒரு மாதிரித் தேர்வின் விடைக்குறிப்பிலேயே இதே தவறை நான் பார்த்திருக்கிறேன். எழுதிச் சொன்னேன், இன்று வரை திருத்தவில்லை. அதைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் சரியாகப் போட்ட விடையை அடித்துவிட்டுத் தவறானதை எழுதியிருப்பார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இடம் மாறும் கணக்குகளுக்கு மொத்தம் கண்டுபிடித்தே ஆக வேண்டுமா? (நாகர்கோவில் வாசகி)

வேண்டாம். கண்ணன் இடமிருந்து 11வது, வாணி வலமிருந்து 14வது. இருவரும் இடம் மாறிய பின் கண்ணன் இடமிருந்து 20வது. கண்ணன் 9 இடம் நகர்ந்திருக்கிறார். வாணியும் அதே 9 இடம் எதிர்ப்பக்கம் நகர்ந்திருப்பார். ஆகவே வலமிருந்து 23வது. மொத்தமும் கேட்டால், கண்ணன் இப்போது நிற்பது வாணியின் பழைய இடம். அது இடமிருந்து 20, வலமிருந்து 14. மொத்தம் 33. இதிலும் 1 கழிக்க மறக்காதீர்கள்.

உயரம், எடை ஒப்பீட்டில் பெரியவர் யார், சிறியவர் யார் என்று தமிழில் படிக்கும்போது மாறிப் போகிறது. (அரியலூர் வாசகர்)

"ஐ" எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். "குமரனை விட மணி உயரம்", "மணி குமரனை விட உயரம்" இரண்டும் ஒன்றே. "குமரன் மணியை விட உயரம்" என்றால் தலைகீழ். பெயர் எந்த வரிசையில் வருகிறது என்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். "ஐ" ஒட்டிய பெயர் கீழே, மற்றது மேலே. "குட்டை" என்று வந்தால் இதையே திருப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்து "மட்டும்" என்ற சொல். மணி குமரனை விட உயரம். சேகர் மணியை விட உயரம், ஆனால் பாலுவை விடக் குட்டை. ராஜா குமரனை விட உயரம். இவ்வளவுதான் தகவல் என்றால் ராஜாவை எங்கே வைப்பது? குமரனுக்கு மேல் எங்கு வேண்டுமானாலும் வரலாம். மூன்றாவது உயரமானவர் யார் என்று கேட்டால் சொல்ல முடியாது. ஆனால் எல்லாரிலும் குட்டை யார் என்றால் குமரன் என்று தைரியமாகக் குறிக்கலாம். "ராஜா குமரனை விட மட்டும் உயரம்" என்று இருந்தால் கதையே வேறு. பாலு, சேகர், மணி, ராஜா, குமரன் என்று வரிசை முடிந்துவிட்டது.

இன்னொன்று: "மணி குமரனை விட உயரமில்லை" என்றால் மணி குட்டை என்று முடிவு கட்டாதீர்கள். சமமாகவும் இருக்கலாம்.

இடமிருந்து, இடப்புறம் இரண்டும் ஒன்றுதானே? (ஊர் பெயர் எழுதாத வாசகர்)

இல்லை. "கவிதா இடமிருந்து 12வது" என்றால் வரிசையின் இடக்கோடியிலிருந்து எண்ண வேண்டும். "மீனா கவிதாவுக்கு இடப்புறம் 5வது" என்றால் கவிதாவிடமிருந்து எண்ண வேண்டும், அதுவும் கவிதாவை விட்டுவிட்டு. மீனா இடமிருந்து 7வது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எந்தக் கணக்கையும் தொடங்காதீர்கள். தெற்கு நோக்கி உட்கார்ந்திருப்பவருக்கு இடக்கை உங்கள் தாளில் வலப்பக்கம் வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கலாம்? (கோவை வாசகர்)

எந்தத் தேர்வு என்று நீங்கள் எழுதவில்லை. பல வங்கி முதல்நிலைத் தேர்வுகளில் ரீசனிங் (தர்க்க அறிவு) பகுதிக்கு 20 நிமிடத்தில் 35 கேள்வி. பட்டதாரிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100. இரண்டிலும் ஒரு கேள்விக்குச் சுமார் அரை நிமிடம். குரூப் 4இல் 3 மணி நேரத்தில் 200 கேள்வி, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கிடைக்கும். அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. வங்கித் தேர்வில் கால் பங்கும் ரயில்வேயில் மூன்றில் ஒரு பங்கும் போகும். எனவே வங்கித் தேர்வுக்காரர் உறுதியில்லாத இடத்தில் விட்டுவிடலாம், குரூப் 4 எழுதுகிறவர் ஒன்றையும் குறிக்காமல் விடக் கூடாது. கோடு போட நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கோடும் இரண்டு புள்ளியும் போட 3 விநாடி ஆகுமா?

45 பேர் வகுப்பில் மாணவிகள், மாணவர்களைப் போல் இரு மடங்கு. முருகன் மேலிருந்து 14வது. அவனுக்கு முன்னால் 8 மாணவிகள். அவனுக்குப் பின்னால் எத்தனை மாணவர்கள்? (தேனி வாசகி)

மாணவர்கள் 15. முருகனுக்கு முன்னால் 13 பேர், அதில் மாணவர்கள் 5. பின்னால் 10 என்று போட்டிருப்பீர்கள். முருகனும் மாணவன்தான், அவனையும் கழியுங்கள். 9.

நடு ஆள் இடமிருந்து 14வது என்றால் மொத்தம் 28தானே? (சேலம் வாசகர்)

27. அவருக்கு இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 13, நடுவில் அவர். 28 பேர் வரிசையில் சரியான நடு ஆள் என்று ஒருவர் இருக்கவே மாட்டார். நீங்கள் படமெடுத்து அனுப்பிய இன்னொரு கேள்வியில் மூன்றாவது வரியும் கடைசித் தெரிவும் வெட்டுப்பட்டிருக்கின்றன. முழுப் பக்கத்தையும் எடுத்து மறுபடி அனுப்புங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.