பொம்மை மேசை: மல்யுத்த வீரர் பொம்மைகள், கேள்வி பதில்

கே: நாலரை அங்குல அண்டர்டேக்கர் பொம்மை ஒன்று வாங்கினேன். பொம்மையை ஒட்டி விற்கும் அட்டை இல்லை. ‘ஹாஸ்ப்ரோ, 1990களின் சரக்கு’ என்று சொல்லித்தான் விற்றார்கள். பார்த்தால் புத்தம்புதிதாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: முகத்தை விடுங்கள். பொம்மையைத் திருப்பிப் பிடித்து, பொறித்திருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி 1990 முதல் 1994 வரை போட்ட பொம்மை என்றால் ‘டைட்டன் ஸ்போர்ட்ஸ்’ என்று இருக்க வேண்டும். டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மல்யுத்த நிகழ்ச்சியை நடத்திய கம்பெனியின் அன்றைய பெயர் அது. ‘மாட்டல்’ (இன்னொரு பொம்மைக் கம்பெனி) என்றோ ‘டபிள்யூ.டபிள்யூ.இ.’ என்றோ இருந்தால், சரி, காசு போச்சு. டபிள்யூ.டபிள்யூ.எஃப். பெயர் மாறி அந்த ‘இ’ வந்ததே 2002 மே மாதம்தான். அதே சுருக்கப் பெயர் வைத்திருந்த உலக இயற்கை நிதியத்தோடு நடந்த வழக்கில் ‘எஃப்’பை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மாட்டல் இந்தப் பொம்மைகளைப் போட வந்தது 2010இல். அவர்கள்தான் பிற்பாடு பழைய ஹாஸ்ப்ரோ அளவிலேயே ‘ரெட்ரோ’ என்று ஒரு வரிசை விட்டார்கள். அண்டர்டேக்கரும் அதில் உண்டு. உங்கள் கையில் இருப்பது அதுதான் என்று என் மூக்கு சொல்கிறது. போலிப் பொம்மை என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பொம்மை அசல்தான், வயதில்தான் பொய் சொல்லிவிட்டார்கள்.

கே: எல்.ஜே.என். கம்பெனி 1980களில் போட்ட ரப்பர் பொம்மை. மார்பில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கியிருக்கிறார்கள். எப்படி எடுப்பது?

ப: முதலில், எப்படி எடுக்கக் கூடாது என்று என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். என்னிடம் எல்.ஜே.என்.னின் ஆந்த்ரே தி ஜயன்ட் என்ற மல்யுத்த வீரர் பொம்மை இருக்கிறார், நீள முடிக்காரர். எட்டு அங்குல வரிசை, ஒரு மூட்டுகூடக் கிடையாது, காலில் விழுந்தால் வலிக்கும். அவர் இடுப்புக்கு மேலே ஒரு பேனாக் கோடு. பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு இரண்டே இழுப்பு. கோடு போனது. கூடவே உடையின் விளிம்புச் சாயமும் போனது. அந்த இடம் பிசுபிசுத்துப் பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டது. காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டியும் வரவில்லை. இன்றைக்கும் அவரைச் சற்றுத் திருப்பித்தான் நிறுத்தி வைக்கிறேன்.

அப்புறம் கற்றுக்கொண்டது: முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு. கோட்டின் மேல் மட்டும் மெல்லப் பூசி, வெயிலில் சில மணி நேரம் வையுங்கள். கழுவிவிட்டு மறுநாள் மறுபடி. பொறுமை வேண்டும். சாயம் பூசிய இடத்தில் படக் கூடாது. அதிக நாள் விட்டால் ரப்பரும் வெளுக்கும். முதலில் பாதத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.

கே: பரிசாக வந்த பொம்மையைப் பிரிக்கச் சொல்லி மகன் அழுகிறான். ‘அட்டையோடு இருந்தால்தான் மதிப்பு’ என்கிறார் கணவர். நீங்களே சொல்லுங்கள்.

ப: பிரித்துக் கொடுத்துவிடுங்கள், அம்மா. இப்போது வரும் சாதாரண வரிசைப் பொம்மையை என்னைப் போல ஆயிரம் பேர் அட்டையோடு பத்திரப்படுத்தியிருக்கிறோம். அப்புறம் அது எங்கே அரிதாகும்? அட்டை மேல் இருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடியும் நாளாக நாளாக மஞ்சளாகும், பசை காய்ந்து பெயர்ந்துவிடும். வீட்டுக்காரருக்கு ஆசை இருந்தால் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.

கே: புதுப் பொம்மையின் முழங்கை மடங்கவே மாட்டேன் என்கிறது. பலமாகத் திருப்பலாமா?

ப: கையை வையாதீர்கள்! மூட்டில் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் சின்ன ஆணி முறுகி ஒடிந்து, முன்கை உங்கள் விரலோடு வந்துவிடும். சூடான நீரில், கொதிக்கிற நீரில் அல்ல, ஒரு நிமிடம் முக்குங்கள். எடுத்த சூட்டோடு முன்னும் பின்னும் இம்மி இம்மியாக அசையுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது பெயின்ட் விடுவது, பயப்பட வேண்டாம். துணி அங்கி இருந்தால் முக்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.