தராசோடு வாருங்கள் தம்பி!

பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குத் தங்கள் கையால் ஏதாவது செய்ய நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இவை. சேர்வராயன் மலைக் கிராமப் பள்ளிகளில் 27 வருடம் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா பதில் சொல்கிறார்.

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். மகன் அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பு. பள்ளிக் கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். நானே 8ஆம் வகுப்போடு நின்றவன். பணம் கொடுக்கவும் வசதியில்லை. என்னால் பள்ளிக்கு என்ன ஆகப்போகிறது டீச்சரம்மா?

தம்பி, உங்கள் பட்டறைத் தராசில் கிராமுக்குக் கீழே எத்தனை புள்ளி வரைக்கும் எடை பார்ப்பீர்கள்? உங்கள் மகனுடைய கணக்குப் புத்தகத்தில் இந்த வருடம் தசம எண்ணும் சதவீதமும் இருக்கின்றன. பல பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமே அதுதான். 2.5 பெரியதா, 2.45 பெரியதா என்று கேட்டால், 45 தானே பெரியது என்று 2.45ஐக் காட்டுவார்கள். நீங்கள் கொலுசுக் கண்ணியைத் தட்டில் போட்டுக் காட்டினால் அந்தக் குழப்பம் அரை மணி நேரத்தில் தீரும். 70 டச், 80 டச் என்று வெள்ளியின் சுத்தத்தை நீங்கள் தினமும் வாயால் சொல்வதே சதவீதம்தான். ‘100 கிராம் கொலுசு, 70 டச் என்றால் அதில் வெள்ளி எவ்வளவு? 250 கிராமுக்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

தலைமையாசிரியரைப் பார்த்து, “மாதத்தில் ஒருநாள், ஒரு பாடவேளை, கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து வருகிறேன், தராசு கொண்டுவருகிறேன்” என்று சொல்லுங்கள். மொட்டையாக “ஏதாவது செய்கிறேன்” என்றால் அவர் யோசித்துச் சொல்கிறேன் என்பார், அதோடு போய்விடும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்ததுதான் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு என்ன தேவை என்று வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. அதனால் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஏற்காடு மலையில் ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோரை எத்தனை முறை கூப்பிட்டாலும் நான்கைந்து பேருக்கு மேல் வருவதில்லை. அக்கறையே இல்லையோ என்று மனது விட்டுப்போகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

அம்மா, ‘அக்கறை இல்லை’ என்று நானும் முதல் ஆறேழு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, நவம்பர் முதல் ஜனவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்களை எதிர்பார்த்தால் எப்படி வருவார்கள்? பறித்த எடைக்குத்தான் கூலி. என் கூட்டத்துக்கு வந்தால் அவர்களுக்கு அரைநாள் கூலி போகும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு டிசம்பரில் கூட்டத்தை விட்டுவிட்டு, சாயங்காலம் பழ மூட்டை எடை போடுகிற இடத்துக்கே நான் போய் நின்றேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. எடைக்காக வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினேன். பொதுவாக எதுவும் கேட்கவில்லை. ஒருவரிடம், “அண்ணா, பள்ளிக்கூடத்து ஓடு இரண்டு இடத்தில் நகர்ந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஏறிச் சரிபண்ண முடியுமா?” என்றேன். இன்னொரு பெண்ணிடம், மேல் குடியிருப்பிலிருந்து வருகிற சின்னப் பிள்ளைகளைப் பனிக்காலம் முடியும்வரை கூட்டிவர முடியுமா என்றேன். இரண்டு பேருமே உடனே சரி என்றார்கள். அத்தனை வருடமாகக் குறிப்பிட்டு எதையும் நான் கேட்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த வரிசையில் ஒரு பாட்டி நின்றார். “எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதே டீச்சர், நான் வந்து என்ன பண்ண?” என்றார். “நீங்கள் எழுத வேண்டாம் பாட்டி, சொல்லுங்கள் போதும், பிள்ளைகள் எழுதட்டும்” என்றேன். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை பாட்டியுடையது. சாமை எப்போது விதைப்பது, கேழ்வரகு எப்படிப் பூச்சி விழாமல் வைப்பது, எந்தக் கீரையை எந்த மாதம் பறிக்கக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல, 4ஆம், 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். ‘ற’வும் ‘ர’வும் மாறி மாறி வந்தன. பாட்டி போன பிறகு பிழைகளைத் திருத்தினோம். ஆண்டு முடிவில் அந்த நோட்டு 40 பக்கத்தைத் தாண்டியிருந்தது. பாடத்தைப் பார்த்து எழுதுவதை மட்டுமே எழுத்து என்று நினைத்திருந்த பிள்ளைகள், ஒருவர் பேசுவதைக் கேட்டுச் சொந்த வாக்கியமாக எழுதப் பழகினார்கள். அதை நான் எத்தனையோ பயிற்சி முகாம்களில் கற்றுக்கொண்டு வந்தும் வகுப்பில் செய்ய முடியாமல் இருந்தேன்.

இது புதிய வழக்கம் ஒன்றும் இல்லை அம்மா. காமராஜர் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள். பள்ளிக்கு இன்ன பொருள் வேண்டும் என்று பட்டியல் போட்டு ஊர் முன்னால் வைத்தார்கள், ஊர் கொடுத்தது. பட்டியல் இருந்ததுதான் அதில் முக்கியம் என்பது என் எண்ணம். இன்றைக்குச் சில ஊர்களில் தட்டு வரிசையோடு மேளம் அடித்துக் கல்விச் சீர் கொண்டுபோகிறார்களே, அங்கேயும் முன்கூட்டியே கேட்டுவைத்தால் ஒரே வகைக் கடிகாரம் ஐந்து வராது. தண்ணீர்க் குழாய்க்கான சாமான் வரும்.

கேள்வி: வங்கியில் ஓய்வுபெற்று அழகாபுரத்தில் இருக்கிறேன். பக்கத்து அரசுப் பள்ளியில் வாரம் ஐந்து நாளும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசை. அனுமதிப்பார்களா?

ஐயா, ஐந்து நாள் வேண்டாம், ஒரு நாள் சொல்லுங்கள். எங்கள் பள்ளிக்கும் இப்படி ஆசையோடு ஒருவர் வந்தார். வாரம் மூன்று நாள் என்றார், இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார். காரணம் நியாயமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்றாவது வாரம் பிள்ளைகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. வாரத்தில் ஒரு நாள், 45 நிமிடம், ஆனால் வருடம் முழுக்க. வர முடியாத வாரம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, மேலாண்மைக் குழுவின் சம்மதத்தோடு தொடங்குங்கள். அடையாள அட்டை கேட்டால் தயங்காமல் கொடுங்கள். வகுப்பாசிரியர் உடன் இருக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்க வேண்டாம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். உங்கள் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. யார் வந்தாலும் இதே விதி என்றிருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று, பாடம் நடத்துவது ஆசிரியரின் வேலை. காலியிடத்தைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற நான்கு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக வாசிக்கக் கேளுங்கள். 40 பேர் வகுப்பில் ஆசிரியருக்கு அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் வந்தபோது, தெருவில் இருந்த பெண்களே சாயங்காலம் செய்த வேலை இது.

கேள்வி: வெளியூரில் இருக்கிறோம். நாங்கள் படித்த பள்ளிக்குப் பணமாகத் தரலாமா?

தரலாம். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 2022இல் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ திட்டம் வழியாகக் கொடுங்கள். அதற்கு முன்னால் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போட்டு, எது உடைந்து கிடக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: குகையில் தறி நெய்கிற குடும்பம் எங்களுடையது. பள்ளியில் கதை சொல்ல வரட்டுமா என்று கேட்டேன், வரச் சொன்னார்கள். ஆனால் 8ஆம் வகுப்பு படிக்கிற என் மகள், “நீ வராதே அம்மா, எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்கிறாள். போகலாமா, வேண்டாமா?

போங்கள் அம்மா, அவள் வகுப்புக்கு மட்டும் போகாதீர்கள். அந்த வயதில் அம்மா பள்ளிக்குள் வந்தால் கூச்சமாகத்தான் இருக்கும், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கதையோடு ஒரு நூல்கண்டும் எடுத்துப்போங்கள், நெடுக்கே ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். இடைவேளையில் உங்கள் மகள் வாசல் பக்கம் வந்து நின்று பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள். பார்க்காத மாதிரியே கதையைச் சொல்லிக்கொண்டிருங்கள். உள்ளே வருவதும் போவதும் அவள் இஷ்டம்.