ஐசியூ பம்பில் எண் பாதியாகக் குறைந்தும் ‘மருந்தின் அளவு அதேதான்’ என்கிறார்களே, எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் இறங்கிப்போய், அப்பா ஐசியூவில் இருக்கிறார். ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் என்ற மருந்து ஓடுகிறது. சிரிஞ்சிலிருந்து மருந்தைச் சீராகத் தள்ளும் பம்பில் நேற்று மாலை 4.8 என்றிருந்த எண், இன்று காலை 2.4. ‘மருந்தைக் குறைத்துவிட்டீர்களா?’ என்று கேட்டதற்கு, ‘இல்லை, டோஸ் அதேதான்’ என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

நான் ஐசியூ செவிலியர். உங்கள் அப்பாவின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் தந்த எண்களை வைத்தே சொல்கிறேன், அந்தச் செவிலியர் சொன்னது உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

பம்பில் நீங்கள் பார்த்தது மணிக்கு எத்தனை மில்லி திரவம் போகிறது என்ற வேகத்தை. மருந்தின் அளவை நாங்கள் வேறு கணக்கில் பேசுகிறோம்: நோயாளியின் ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, எத்தனை மைக்ரோகிராம். அப்பாவின் எடை 64 கிலோ, டோஸ் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6.4 மைக்ரோகிராம், மணிக்கு 384. சிரிஞ்சில் 50 மில்லியில் 4 மில்லிகிராம் கரைத்திருந்தால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம் இருக்கும். 384-ஐ 80-ஆல் வகுத்தால் 4.8. அதே 50 மில்லியில் 8 மில்லிகிராம் கரைத்தால் ஒரு மில்லியில் 160. இப்போது அதே டோஸுக்கு 2.4 போதும். இதைத்தான் வார்டில் ‘டபுள் ஸ்ட்ரெங்த்’ என்கிறோம்.

இப்படி மாற்றுவதற்குக் காரணம் உண்டு. 4.8 வேகத்தில் ஒரு சிரிஞ்ச் பத்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும், 2.4 என்றால் இருபது மணி நேரம் வரும். உடம்பில் நீர் கோத்திருப்பவருக்குத் தேவையில்லாமல் திரவம் ஏறாது. அதைவிட முக்கியம், சிரிஞ்ச் மாற்றும் தடவைகள் பாதியாகக் குறையும்.

சிரிஞ்ச் மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த மருந்தைப் பொறுத்தவரை அதுதான் மிக ஆபத்தான வேலை. நார்அட்ரினலின் ரத்தத்தில் நிலைப்பதில்லை. சுமார் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். பழைய சிரிஞ்ச் தீர்ந்து புதியதைப் பொருத்துவதற்குள் சில நிமிடம் போனால், 70-இல் இருந்த சராசரி அழுத்தம் கண்முன்னே 45-க்குப் போய்விடும். புதிய சிரிஞ்சை மாட்டிய உடனே மருந்து கிளம்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. பம்பின் தள்ளுதண்டுக்கும் சிரிஞ்சின் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், மணிக்கு 2.4 மில்லி வேகத்தில் அந்த இடைவெளி மூடவே நிமிடங்கள் ஆகும். திரையில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளிக்கு ஒரு துளியும் போயிருக்காது. அதனால்தான் நாங்கள் முன்கூட்டியே இரண்டாவது பம்பில் புதிய சிரிஞ்சைப் பொருத்தி, குழாயில் காற்று போகக் கரைசலை நிரப்பி, நோயாளியிடம் இணைக்கும் முன்பே பம்பைச் சற்று ஓடவிட்டு, நுனியில் துளி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுகிறோம். சில பிரிவுகளில் இரண்டு பம்பையும் சற்று நேரம் சேர்ந்து ஓடவிட்டு, அழுத்தம் ஏறத் தொடங்கியதும் பழையதைக் குறைப்பார்கள். எந்த முறையானாலும், அந்த ஐந்து நிமிடம் செவிலியரிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நோயாளிக்கு நல்லது.

செறிவை, அதாவது ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து என்பதை, மாற்றும்போது இன்னொரு கண்டமும் உண்டு. புதிய சிரிஞ்சைப் பொருத்திவிட்டு, பம்பில் பழைய செறிவையே விட்டுவிட்டால், நோயாளிக்கு இரண்டு மடங்கு போகும். ஆகவே இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போன பிறகே ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்துத் தலையாட்டினால் அது சரிபார்த்தல் ஆகாது.

மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியான ஆம்பூலிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. மருந்து பைடார்ட்ரேட் என்ற உப்பாக வருகிறது. 2 மில்லிகிராம் உப்பில் 1 மில்லிகிராம்தான் நார்அட்ரினலின். இந்தியாவில் நாங்கள் கையாளும் 2 மில்லி ஆம்பூலில் உப்புக் கணக்கில் 4, மூல மருந்துக் கணக்கில் 2. ஒரே சிரிஞ்சை ஒருவர் 8 மில்லிகிராம் என்றும் இன்னொருவர் 4 மில்லிகிராம் என்றும் எழுதலாம். இருவர் எழுதியதும் சரியாகவே இருக்கும். வேறு மருத்துவமனையிலிருந்து ஓடும் பம்புடன் ஆம்புலன்ஸில் வரும் நோயாளியிடம் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும். என் உறுதியான கருத்து: ஒரு பிரிவில் மருந்தைக் கரைக்கும் அளவு ஒன்றே வழக்கமாக இருக்க வேண்டும், இரட்டைச் செறிவுக்கு வேறு நிறத்தில் லேபிள் ஒட்ட வேண்டும், மருத்துவர் ஆணையை ‘மணிக்கு இத்தனை மில்லி’ என்று எழுதவே கூடாது. மில்லியில் எழுதிய ஆணை, சிரிஞ்ச் மாறிய மறுகணமே பொய்யாகிவிடும்.

எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர் ஓர் இலக்காகச் சொல்கிறார். அந்த இலக்கை நோக்கிச் செவிலியர் கூட்டிக் குறைக்கிறார். மானிட்டரில் 90/60 என்று தெரிந்தால் பக்கத்தில் அடைப்புக்குள் 70 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் சராசரி அழுத்தம். கீழ் அளவோடு, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ அது வரும். அப்பாவுக்கு வந்ததுபோல் தொற்றால் ரத்த அழுத்தம் இறங்கிப்போகும் ‘தொற்று அதிர்ச்சி’யில் தொடக்க இலக்கு 65. ‘இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தால் பாதுகாப்புதானே’ என்று உறவினர்கள் கேட்பதுண்டு. பிரான்சில் 776 நோயாளிகளிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், இலக்கை 80–85-க்கு உயர்த்தியதால் இறப்பு குறையவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது கூடியது. ஆனால் ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம் உயர்ந்த இலக்கு டயாலிசிஸ் தேவையைக் குறைத்தது. எனவே அப்பாவுக்குப் பல வருடமாக பி.பி. மாத்திரை உண்டு என்றால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். வீட்டில் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்ற குறிப்பு இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

இலக்கை அளக்கும் கருவியும் ஏமாற்றும். மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகியிருந்தால், அதோடு சேர்ந்த உணர்கருவி நோயாளியின் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். அது 10 செண்டிமீட்டர் கீழே இறங்கினால் மானிட்டர் சுமார் 7 புள்ளி கூட்டிக் காட்டும். உண்மையில் 58 இருப்பவருக்கு 65 என்று தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவோம். கட்டிலை ஏற்றி இறக்கிய பிறகு செவிலியர் குனிந்து அந்தச் சின்னப் பெட்டியைச் சரிசெய்வதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

கூடிப்போனால் என்ன ஆகும்? ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறி இறுகும். விரல் நுனிகள் கறுக்கலாம், குடலுக்கு ரத்தம் குறையலாம், இதயம் தாளம் தப்பலாம். எனவே எண்ணை மட்டும் நம்பாமல் கையைத் தொட்டுப் பார்க்கிறோம். விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டும். மானிட்டர் 70 காட்டியும் நிறம் திரும்ப ஐந்து விநாடி ஆகிறது, சிறுநீரும் குறைவு என்றால், மருந்தை ஏற்றும் முன் உடம்பில் நீர் போதுமா, இதயம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காலியான ரத்தக்குழாயை இறுக்கிப் பயனில்லை.

குழாயில் தங்கியிருக்கும் மருந்தையும் மறக்கக் கூடாது. இரட்டைச் செறிவில் ஒரு மில்லி என்றால் 160 மைக்ரோகிராம்; உங்கள் அப்பாவின் கணக்கில் அது 25 நிமிட மருந்து. அந்த வழியில் வேறு ஊசி போட்டாலோ சலைன் தள்ளினாலோ அத்தனையும் ஒரே மூச்சில் இதயத்துக்குப் போகும்; அழுத்தம் 200-ஐத் தாண்டிவிடலாம். அதனால்தான் அந்த லைனைத் தனியாக ஒதுக்கி, பெயர் எழுதி ஒட்டி வைக்கிறோம். கழுத்து நரம்பில் குழாய் போடும்வரை காத்திராமல், முழங்கை அருகே உள்ள நல்ல நரம்பில் சிறிது நேரத்துக்குத் தொடங்கலாம். 2021-இன் சர்வதேச வழிகாட்டுதலும் அதை ஏற்கிறது. ஆனால் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் அழுகலாம். அப்பாவின் கையில் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி வெளுப்போ வீக்கமோ தெரிந்தால், வலிக்கிறது என்று அவர் முகம் சுளித்தால், பார்வை நேரம் முடியக் காத்திராமல் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

இனி மருத்துவரிடம் ‘பம்பில் எவ்வளவு?’ என்று கேட்காமல், ‘மைக்ரோகிராம் கணக்கில் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, இரண்டாவது மருந்து சேர்த்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். 0.1 என்பது குறைந்த அளவு. 0.25-இலிருந்து 0.5-க்குள் போகும்போது அழுத்தத்தை ஏற்றும் இரண்டாவது மருந்தான வாசோபிரசின் சேர்ப்பது வழக்கம். அந்தக் கட்டம் கவலைக்குரியது. சிறுசிறு படியாக 0.08, 0.05 என்று இறங்கி, அழுத்தமும் நின்று, சிறுநீரும் வந்தால் அப்பா தேறுகிறார் என்று பொருள். பம்ப் அலறினால் நீங்கள் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். குரல் கொடுங்கள், நாங்கள் ஓடி வருவோம்.