தலைக்கவசத்துக்குள் நீலகிரித் தைலம் தெளிக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் கட்டபெட்டுவிலிருந்து கோத்தகிரிக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்று வருகிறேன். மழைக்காலத்தில் ஹெல்மெட்டின் உட்புறம் காய்வதே இல்லை. இப்போது கன்னப் பக்கத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. தலையெண்ணெய் ஊறிச் சிக்குவாடையும் அடிக்கிறது. நீலகிரித் தைலத்தைத் தண்ணீரில் கலந்து உள்ளே தெளித்து, அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் இரண்டு நாள் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மாமியார் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? — வாசகி, கட்டபெட்டு

பதில்: வேண்டாம். உங்கள் மாமியார் சொன்னவை கம்பளிக்கும் போர்வைக்கும் மலைநாட்டு வீடுகளில் நெடுங்காலமாகக் கையாளப்படும் நல்ல வழிகள்தாம். ஆனால் தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் ஒரு பொருளுக்கு அவை இரண்டுமே ஆகாதவை.

வெளியே தெரியும் கடினமான ஓட்டுக்கும் உள்ளே தலையில் படும் துணிக்கும் நடுவே, தெர்மாகோல் போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. அது தெர்மாகோல் போன்றது மட்டுமன்று, அதே பாலிஸ்டைரின் நுரைதான். அடர்த்தி மட்டுமே கூடுதல். விழும்போது ஏற்படும் அடியின் வேகத்தை, தான் நசுங்குவதன் மூலம் வாங்கிக்கொள்வது இந்த அடுக்கே தவிர, பளபளப்பான ஓடு அன்று. நீலகிரித் தைலத்தில் பெரும்பங்கு வகிக்கும் சினியோல் என்னும் பொருளும் அதனுடன் சேர்ந்திருக்கும் டெர்ப்பீன்களும் பாலிஸ்டைரினைக் கரைக்கும் தன்மை உள்ளவை. நம்புவதற்குக் கடினமாக இருந்தால், புதுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தெர்மாகோல் துண்டொன்றை எடுத்து அதன்மேல் தைலத்தை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் பளபளத்து, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கி, குழி விழத் தொடங்கும். தண்ணீரில் கலந்தாலும் பயனில்லை. தைலம் நீரில் கரையாது, மிதந்து நின்று துளித்துளியாகவே போய்ப் படியும். துணிக்குப் பின்னால் இப்படி விழும் குழிகள் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியமாட்டா என்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து. ஆரஞ்சுத் தோலின் எண்ணெய்க்கும், பைன் எண்ணெய் கலந்த கிருமிநாசினிகளுக்கும், பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றுக்கும் இதே விலக்குதான்.

அடுப்பங்கரைப் பரணுக்கும் இதே பதில். பாலிஸ்டைரின் நுரை கொதிநீரின் வெப்பத்துக்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். கணப்பின் அருகிலோ, அறைச் சூடேற்றியின் எதிரிலோ, முடி உலர்த்தும் கருவியின் காற்றிலோ வைப்பதும் அப்படித்தான். விறகுப் புகை வேறு துணியில் ஏறிக்கொண்டால் பிறகு எளிதில் போகாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உங்கள் தலைக்கவசத்தின் உள்துணி கழற்றக்கூடியதா, ஒட்டப்பட்டதா என்று பாருங்கள். கழற்றக்கூடியதாக இருந்தால் கன்னப் பட்டைகள் டிச் பட்டன்களாலும், உச்சித் துணி பட்டன்களாலோ வெல்க்ரோவாலோ, நெற்றிப் பக்கத்தில் ஓட்டுக்கும் நுரைக்கும் இடையே செருகிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டாலோ பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது இடது எது, வலது எது என்று திண்டாட வேண்டியிராது. துணியைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்கு அடியில் விரலை நுழைத்து ஒவ்வொன்றாக நெம்புங்கள். துணியை இழுத்தால் பட்டன் பிளாஸ்டிக் அடித்தகட்டோடு பிய்ந்து வந்துவிடும், அதன்பின் பட்டை நிற்காது.

பூஞ்சணம் இருப்பதால், நனைப்பதற்கு முன்பே வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பழைய பல்துலக்கியால் அதை உலர்ந்த நிலையிலேயே தட்டிவிடுங்கள். பிறகு நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து, துணிப் பட்டைகளை அரைமணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அடுத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்புவைச் சிறிது கலந்து, பட்டைகளை மூழ்கவைத்து உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். எண்ணெயும் வியர்வையும் பழுப்பாக இறங்கும். தண்ணீர் தெளிவாகும் வரையிலும், நுரை அறவே நிற்கும் வரையிலும் அலசுவது முக்கியம். தங்கிவிட்ட சோப்பு, நெற்றியில் வியர்வையோடு சேர்ந்து அரிப்பைத் தரும். எண்ணெய் போக்குவதில் சீயக்காய் கெட்டிக்காரத்தனமானதுதான் என்றாலும், அதன் தூள் நுரைப்பஞ்சின் கண்களில் தங்கிவிடும் என்பதால் இங்கே அதைத் தவிர்க்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் சோடா உப்புக் குறிப்பையும் இதே காரணத்தால் தவிர்க்கலாம். சில கன்னப் பட்டைகளின் பின்பக்கத்திலும் அதே பாலிஸ்டைரின் துண்டு ஒட்டியிருக்கும். அவற்றைச் சுடுநீரில் போட்டுவிடாதீர்கள்.

கழுவுவது எளிது, நம் மலையில் காயவைப்பதுதான் வேலை. பட்டைகளை முறுக்கிப் பிழிந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு கிழியும். உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, மேலே கையால் அழுத்தி, துண்டை மாற்றி மீண்டும் அழுத்துங்கள். நீர் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். பின்பு கொடியில் தொங்கவிடாமல், காற்று இருபுறமும் படும்படி ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மின்விசிறியே இல்லாத வீடுகள் நீலகிரியில் ஏராளம் என்பதை அறிவேன்; அப்படியானால் இந்த வேலையை மழை விட்டு வெயில் தெளியும் மாசி, பங்குனிக்கு ஒருமுறை, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது உத்தமம். மேல்துணி உலர்ந்ததாகத் தோன்றும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். பட்டையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள்; தாள் நமுத்தால் இன்னும் காயவில்லை.

உள்துணி ஒட்டப்பட்டதாக இருந்தால் தலைக்கவசத்தை வாளியில் அமிழ்த்த வேண்டாம். நுரை தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் துணிக்கும் நுரைக்கும் இடையில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே நிற்கும். ஷாம்பு நுரையை மட்டும் பஞ்சில் எடுத்துத் துடைத்து, ஈரத்துணியால் பலமுறை ஒற்றி எடுத்து, கவசத்தைக் கவிழ்க்காமல் வாய் மேல்நோக்கி இருக்கும்படி காற்றில் வையுங்கள். கழுவிய பிறகும் கறுப்புப் புள்ளிகளும் வாடையும் திரும்பத் திரும்ப வந்தால், பூஞ்சணம் பஞ்சுக்குள்ளேயே வேர்பிடித்துவிட்டது. கழற்றும் வகையானால் அந்த மாதிரிக்கே உரிய புதுப் பட்டைகளை வாங்கிவிடலாம். தையற்காரரிடம் கொடுத்துத் தடித்த பஞ்சு வைத்துத் தைப்பது கூடாது, ஏனெனில் அளவு மாறினால் கவசம் தலையில் பிடிப்பாக உட்காராது.

நாள்தோறும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உள்ளே மெல்லிய பருத்திக் குல்லா அணிந்து, அதை மட்டும் துவைத்துக்கொண்டிருங்கள். வீடு வந்ததும் கவசத்தை இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் அடைக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டாமல் திறந்து வையுங்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பது இந்த ஒரு விஷயத்தில் தலைக்கவசத்துக்கும் நன்மையே.

கேள்வி: கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக உதகைக்கு ஏறும்போது, ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியின் உட்புறம் பனிபடர்ந்து வழியே தெரிவதில்லை. பற்பசை தேய்த்தால் போகும் என்கிறார்களே? — வாசகர், கூடலூர்

பதில்: பற்பசையில் இருக்கும் நுண்தூள் பல்லை மெருகேற்றுவதற்கானது, முகக்கண்ணாடியாக இருக்கும் பாலிகார்பனேட்டிலோ அது மெல்லிய கீறல்களையே உண்டாக்கும். எதிரே வரும் பேருந்தின் விளக்கொளி அக்கீறல்களில் சிதறும்போதுதான் அதன் விலை தெரியும். மழையில் லாரிக்காரர்கள் முன்கண்ணாடியில் புகையிலை தேய்ப்பதைப் பார்த்துப் பின்பற்றுவோரும் உண்டு; அது கண்ணாடி, இது பிளாஸ்டிக்.

மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்து, முகக்கண்ணாடியும் குளிர்கிறது. உங்கள் மூச்சிலிருக்கும் ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படிகிறது. உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துளிகள் தனித்தனியாக நின்று ஒளியை மறைக்கும். ஆகவே முதலில் ஷாம்பு நீரால் கழுவி, உலர்ந்தபின் ஷாம்புவில் ஒரே ஒரு சொட்டை உட்புறம் முழுதும் மெல்லப் பூசி, மென்துணியால் தடம் தெரியாமல் துடைத்துவிடுங்கள். ஈரம் அப்போது துளியாக நிற்காமல் மெல்லிய ஏடாகப் பரவும், பார்வை தெளியும். சில நாட்களில் மீண்டும் பூச வேண்டும். பனித்தடுப்புப் பூச்சுடன் வந்த கண்ணாடியாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். வெறும் நீரே போதும். வாய்ப்பக்கத்துக் காற்றுத் துளைகளில் அடைத்த சேற்றைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டு, ஏற்றத்தில் மெதுவாகச் செல்லும்போது முகக்கண்ணாடியை ஒரு படி திறந்து வையுங்கள். வெளிப்புறத்தில் காய்ந்த பூச்சிகளைச் சுரண்டாமல் ஈரத்துணியைக் கால்மணி நேரம் போர்த்திவைத்தால் தாமே இளகும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் வேண்டாம்.

கேள்வி: பழைய ஸ்டிக்கரின் பசை ஓட்டில் ஒட்டிக்கொண்டு அழுக்கு சேர்கிறது. பெட்ரோலால் துடைக்கலாமா? கம்பளிக் குல்லாவின் மேல் ஹெல்மெட் அணிவது சரியா? — வாசகர், பண்ணைக்காடு

பதில்: பெட்ரோல் கூடாது, பிளாஸ்டிக் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை அது உண்டாக்கக்கூடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியைப் பசைமேல் வைத்து ஊறவிட்டு, விரல்நுனியால் உருட்டி எடுங்கள். பொறுமை வேண்டும், அவ்வளவே. கம்பளிக் குல்லா தடித்தது. அதன்மேல் அணிந்த கவசம் வாரைக் கட்டிய பின்னும் அசையும். குளிருக்குக் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, அது வாரின் கொக்கிக்குள் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பசையை எடுக்கும்போது பின்புறத்து ஐஎஸ்ஐ முத்திரையையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணையும் சேர்த்துச் சுரண்டிவிட வேண்டாம். இந்தியாவில் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்கு அம்முத்திரை 2021 ஜூன் முதல் கட்டாயமாகும்.