வேப்பமரம் யாருடைய செக்குபந்திக்குள் நிற்கிறது?

கேள்வி (சுருக்கம்): நரிமேட்டில் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்கும் நடுவே, தாத்தா வைத்த அறுபது வயது வேப்பமரம் நிற்கிறது. 1994-இல் பாகம் பிரித்தபோது மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது தம்பி அதை வெட்டிவிட்டு வீடு கட்டப்போகிறான். வெள்ளிதோறும் மஞ்சள் துணி கட்டி விளக்கு வைக்கும் மரம் அது. என் மகள் கல்யாணத்துக்குக்கூட வராதவன் அவன். தடையாணை வாங்க முடியுமா? – வாசகி, மதுரை.

வழக்கறிஞரின் பதில்: நீங்கள் எழுதியவற்றில் நீதிமன்றத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: அடிமரம் யாருடைய பங்கில் நிற்கிறது? பாகம் பிரித்த அன்று நீங்கள் பேசாவிட்டாலும் பத்திரம் பேசியிருக்கும். சொத்து விவரத்தின் முடிவில் ‘மாவடை மரவடை சகிதம்’, அதாவது நிலத்தில் நிற்கும் மரங்களும் சேர்த்து, என்று எழுத்தர்கள் வழக்கமாக எழுதுவார்கள். அப்படி இருந்தால், எந்தச் செக்குபந்திக்குள் (பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லைகளுக்குள்) அடிமரம் நிற்கிறதோ அந்தப் பங்குக்காரருக்கே மரம் சேரும். கிணற்றையும் நடைபாதையையும் போல மரத்தையும் பொதுவில் விட்டதாகத் தனியே எழுதியிருந்தாலோ, அடிமரம் எல்லைக்கோட்டின் மேலேயே நின்றாலோ, அவர் ஒருவராக வெட்ட முடியாது.

தாத்தா வைத்தார் என்பதும், வெள்ளிக்கிழமை விளக்கும், கல்யாணத்துக்கு வராததும் பிராதில் (வழக்கு மனுவில்) இடம்பெற வேண்டாம். அறுபது ஆண்டுகளாக நிழலும் காற்றும் அனுபவித்தோம் என்பதும் உரிமையாகாது. திறந்த வெளிக்கு வரும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நீண்ட அனுபவத்தால் உரிமை பிறக்காது என்று 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது.

மரத்தைக் காக்கும் சட்டம் இருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் கொடைக்கானலுக்குச் செல்லும், நரிமேட்டுக்கு வராது. கர்நாடகத்தில் 1976 முதலும் டெல்லியில் 1994 முதலும் இருப்பதைப் போல, வீட்டு மனையில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி கேட்க வைக்கும் சட்டம் நமக்கு இல்லை. சித்திரை வெயிலில் ஒரு தெருவையே தாங்கும் மரத்துக்கு இந்த ஊரில் இவ்வளவுதான் பாதுகாப்பு என்பது எனக்கும் ஆற்றாமைதான். ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு அரசு நிலத்து மரங்களைப் பார்ப்பது. அடிமரம் தெருப் புறம்போக்கில் இருந்தால் அங்கேயும் மாநகராட்சி ஆணையரிடமும் மனுக் கொடுங்கள். பட்டா நிலமென்றால், உலகனேரியில் உள்ள உயர்நீதிமன்றக் கிளையில் பொதுநல மனு போடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பங்காளித் தகராறைப் பொதுநலமென்று கொண்டுபோனால் செலவுத் தொகையோடு தள்ளுபடி ஆகும் வாய்ப்பே அதிகம்.

இனி, என் கட்சிக்காரர்கள் விழுந்த குழியைச் சொல்கிறேன். மரம் தன்னுடையது என்று தடையாணை கேட்டவுடன், வழக்கு மரத்தைப் பற்றியது என்பது மாறி எல்லையைப் பற்றியதாகிவிடும். இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி எதிர்த்தரப்பு நீதிமன்றத்தைக் கேட்கும். சர்வேயர் புல வரைபடத்தோடு வருவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரருக்காக அப்படி அளந்தபோது நானும் நின்றிருந்தேன். உடைந்த செங்கல் குவியலைத் தள்ளி, அடியில் கிடந்த அத்துக்கல்லை (எல்லைக்கல்லை) கண்டுபிடித்துச் சங்கிலியைப் பிடித்தார்கள். மரம் எதிர்த்தரப்பின் இடத்தில் இருந்தது. அதோடு, கட்சிக்காரரின் அப்பா கயிறு பிடித்துக் கட்டிய சுற்றுச்சுவரும், அதையொட்டிய கழிவறையும், ஒன்றேகால் அடி எதிர்த்தரப்பின் இடத்துக்குள் இருந்தன. அதுவரை பேசாமலிருந்த எதிர்த்தரப்பு, சுவரை இடித்து இடத்தை ஒப்படைக்கக் கேட்டு எதிர்க்கோரிக்கை போட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எதிரிடை அனுபவம், அதாவது பிறர் இடத்தைத் தன்னுடையதாகவே அனுபவித்து வந்தோம், என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று அவர் கேட்டார். அதைச் சொல்ல, முதலில் அது எதிராளியின் இடம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிராதின் முதல் பத்தியில் தன் இடம் என்று எழுதியவர் அவர். மரம் போனது, கழிவறையும் போனது.

இன்னொரு கண்ணியும் உண்டு. போதிய காரணமின்றி இடைக்காலத் தடை வாங்கினீர்கள் என்று நீதிமன்றம் கண்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆவது பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை உங்களிடமிருந்தே இழப்பீடு வாங்கித் தரலாம்.

எனவே அரசு அளவீட்டுக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டாம். அந்த அறிவிப்பு தம்பிக்கும் போகும். உங்கள் சுவரைப் பற்றி அவருக்கு இல்லாத சந்தேகத்தை நீங்களே கொடுத்தவராவீர்கள். பத்திரத்தையும் புல வரைபடத்தையும் வைத்து, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைக் கொண்டு உங்கள் பக்கத்திலிருந்து அளந்து பாருங்கள். மரம் பொதுவென்று பத்திரம் சொன்னாலோ, அடிமரம் கோட்டில் நின்றாலோ, உங்கள் சுவரும் சரியாக இருந்தால், அன்றைக்கே வழக்குப் போடலாம். இல்லையென்றால் சமாதானம்தான், தயங்காதீர்கள்.

சமாதானத்துக்கு உங்கள் கையில் சரக்கு இருக்கிறது. தம்பியின் கட்டட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விதிப்படி விட வேண்டிய காலி இடத்துக்குள் மரம் வந்தால், அதை வெட்டுவதால் அவருக்கு ஓர் அடிகூடக் கூடுதலாகக் கிடைக்காது. கிளை கழிக்கும் செலவும் சருகு அள்ளும் செலவும் உங்களுடையது என்று சொல்லுங்கள். அவர் இசைந்தால், முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனுவாக மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நாளை அவர் வீட்டை விற்றால் வாங்குபவரும் அறிய வேண்டும் என்பதால், அந்த ஏற்பாட்டைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வில்லங்கத்தில் ஏற்றிவிடுங்கள்.