‘ரூமில் விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள்

அக்கரைப் பிழைப்பு: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர், சிங்கப்பூர் ஷிப்யார்டிலும் கட்டட சைட்டுகளிலும் 19 ஆண்டுகள் வேலை பார்த்து, சேஃப்டி சூப்பர்வைசராக இருந்து ஊர் திரும்பியவர்.)

அண்ணா, என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். போன வாரம் பலகை சரிந்து வலது கையில் அடி. கம்பெனி கூட்டிப்போன கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து, அப்புறம் ‘லைட் டியூட்டி’ (இலகுவான வேலை மட்டும்) என்று எழுதிவிட்டார்களாம். விரல் இன்னும் மடங்கவில்லை. ‘பெரிதுபடுத்தினால் வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணி அனுப்பிவிடுவோம்’ என்கிறார்களாம். ஏஜென்டுக்காக வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. என்ன செய்வது?
— ஒரு சகோதரி, ஒரத்தநாடு பக்கம்

தங்கச்சி, என் இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் முழுசாக நீளாது. 2004-ல் ஷிப்யார்டில் பைப் உருண்டு நசுங்கியது. லாரியில் கூட்டிப்போகும்போதே ஃபோர்மேன், “டாக்டர் கேட்டால் ரூமில் விழுந்தேன் என்று சொல்லு தம்பி” என்றார். அவரும் மன்னார்குடிப் பக்கத்துக்காரர்தான், கெட்டவர் இல்லை. சைட் கணக்கில் விபத்து ஏறக்கூடாது என்று மேலே இருந்தவர்கள் அவரை நெருக்கினார்கள். நானும் அப்படியே சொன்னேன், டாக்டரும் அப்படியே எழுதினார். ஆறு வாரம் கழித்து விரல் நிமிரவில்லை என்று நான் போய் நின்றபோது அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கவில்லை.

அதனால் முதல் கேள்வி: கிளினிக் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? வேலையில் பட்ட அடி என்று இருக்கிறதா? இல்லையென்றால், அல்லது விரல் நீ சொல்கிறபடி மடங்காமலே இருந்தால், அவர் இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். கம்பெனி காட்டிய கிளினிக்குக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கே டாக்டரிடம் தேதி, நேரம், இடம், எது மேலே விழுந்தது என்று நாலையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் சொல்லட்டும். தமிழ் அந்த நாட்டு ஆட்சி மொழிகளில் ஒன்று, வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் கைக்காசு கேட்கலாம். ரசீதை மட்டும் தொலைக்கக் கூடாது.

அந்த ‘இரண்டு நாள் எம்.சி.’ எனக்குப் பழக்கமான கணக்கு. முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்.சி. போனால்தான், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான், மனிதவள அமைச்சுக்குச் சொல்ல வேண்டும். அதனால் இரண்டு நாளோடு நிறுத்தி, மிச்சத்தை லைட் டியூட்டி என்று ஓட்டிவிடுவார்கள். 2020 செப்டம்பரிலிருந்து அந்தக் கதை நடக்காது. வேலைக் காயத்துக்கு ஒரு நாள் எம்.சி. என்றாலும், லைட் டியூட்டி மட்டும் என்றாலும், கம்பெனி தனக்குத் தெரிந்த பத்து நாளுக்குள் அமைச்சில் பதிய வேண்டும். போன வாரம் அடி என்றால் அந்தப் பத்து நாள் இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிந்தார்களா என்று அவர் வாட்ஸப்பில் எழுத்தில் கேட்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பையன்கள் ‘விக்கா’ என்று சொல்கிற வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. வேலை செய்யும்போது அடிபட்டதா, அவ்வளவுதான். வைத்தியச் செலவு முதலாளியுடையது. எம்.சி. நாட்களுக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளி என்றால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 60 நாள் வரை முழுசாக, அதற்குமேல் ஒரு வருஷம் வரை மூன்றில் இரண்டு பங்கு. அதை வெறும் பேசிக் சம்பளத்தில் கணக்குப் போடக்கூடாது, ஓ.டி.யும் சேரும். விரல் நிரந்தரமாகக் கெட்டால் மொத்தமாக ஒரு தொகை. விபத்து நடந்த ஒரு வருஷத்துக்குள் கிளெய்ம் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இனி அந்த மிரட்டல். பெர்மிட்டை கேன்சல் பண்ண மாட்டார்கள் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெர்மிட் போனால் கிளெய்ம் போகாது. கிளெய்ம் நடக்கிற வரைக்கும் அங்கே தங்க ‘ஸ்பெஷல் பாஸ்’ கொடுப்பது உண்டு. அதை வைத்துக்கொண்டு பொதுவாக வேலை பார்க்க முடியாது, கடன்காரன் இங்கே கதவைத் தட்டுவான். அந்தக் கஷ்டத்தை மறைத்து என்ன பிரயோஜனம்? அப்படிக் காத்திருக்கிறவர்களுக்காகத்தான் டி.டபிள்யூ.சி.2 என்கிற தொண்டு அமைப்பு 2008-லிருந்து லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போட்டு வந்திருக்கிறது. நானே என் டீமில் இருந்த இரண்டு பையன்களை அங்கே அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. கம்பெனி ஆள் யாராவது பெட்டியைக் கட்டு, ஏர்போர்ட்டுக்குப் போகலாம் என்றால் உடனே அந்த எண்ணுக்கு அடிக்கச் சொல்.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய பெர்மிட், ஐ.பி.ஏ. கடிதம் (வேலைக்குப் போகுமுன் அமைச்சு தந்த ஒப்புதல் கடிதம்), சம்பளச் சீட்டு, எம்.சி., காயத்தின் படம், கூட நின்ற இரண்டு பேரின் பெயர், எல்லாவற்றையும் உன் போனுக்கு அனுப்பச் சொல். டார்மிட்டரியில் போன் தொலைவதும் உடைவதும் சாதாரணம்.

(வேலையில் படாத காய்ச்சல், குடல்வால் போன்றவற்றுக்கு வேறு வழி. அதற்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு 2023 ஜூலையிலிருந்து வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி.)

ஐயா, என் மகள் சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பதினொன்றாவது மாடி. ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்கிறார்களாம். எனக்கு இங்கே தூக்கமில்லை.
— ஒரு தாய், அறந்தாங்கி

பயம் நியாயமானது அம்மா. வீட்டு வேலைப் பெண்கள் வரிசையாக விழுந்து இறந்த பிறகு 2012-ல் அதற்கென்றே விதி கொண்டுவந்தார்கள். ஜன்னல் கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ அவர் சொன்ன பெரியவர் ஒருவரோ பக்கத்தில் நிற்கவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் வெளிப்பக்கம் துடைக்கச் சொல்லலாம். ஸ்டூல் போட்டு ஏறச் சொன்னால் “கம்பியைப் பூட்டுங்கள் மேடம், செய்கிறேன்” என்று மகள் சொல்லட்டும். அது வேலையை மறுப்பது ஆகாது. கேட்காவிட்டால் வீட்டுப் பணியாளர்களுக்கென்று இருக்கிற சி.டி.இ. மையத்துக்கு 1800 2255 233 என்ற எண்ணில் பேசலாம். ஒன்று கவனியுங்கள்: மேலே சொன்ன விக்கா வீட்டு வேலைக்காரர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு முதலாளி தனியாக விபத்துக் காப்பீடு, குறைந்தது 60,000 வெள்ளிக்கு, எடுத்திருக்க வேண்டும்.

மகன் ஷார்ஜா போகிறான். இருமல் மருந்து, வலி மாத்திரை, கொஞ்சம் மசாலா சாமான் கட்டிக் கொடுக்கலாமா?
— காரைக்குடி வாசகி

மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போடாதீர்கள். அட்டையோடு, டாக்டர் சீட்டோடு போகட்டும். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை இவையெல்லாம் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. உண்மையிலேயே தேவை என்றால் அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மசாலாவில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் போகட்டும். கசகசா மட்டும் ஒரு சிட்டிகைகூடக் கூடாது, அரைத்த பொடியில் கலந்தும் கூடாது. அது அங்கே போதைப்பொருள் கணக்கு, ஜெயிலுக்கே கொண்டுபோகும். குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.