மீட்டிங் எங்க, எப்ப? குடியை விடறது பத்தி வந்த கேள்விகள்

இந்த தடவ வந்ததுல பாதிக்கு மேல ஏ.ஏ. மீட்டிங் பத்திதான், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நெனைக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம். ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

ஏ.ஏ. மீட்டிங் அட்ரஸ் அனுப்பவும். அவசரம்.

எந்த ஊருங்க? கோயமுத்தூரா தாராபுரமா, குடிக்கறது நீங்களா உங்க அண்ணனா, ஒண்ணுமே எழுதாம அவசரம்னு மட்டும் போட்டா நான் ஜோசியமா பாக்கறது. ஏ.ஏ. இந்தியா வெப்சைட்ல தேடுங்க. இல்லாட்டி 14446, அரசாங்க ஹெல்ப்லைன், காசு ஆகாது. ஜி.எச். மனநல ஓ.பி.ல இருக்கற கவுன்சிலரையும் கேளுங்க, பெரும்பாலும் எந்த கிழமை எங்க நடக்குதுன்னு தெரிஞ்சு வெச்சிருப்பாங்க. ஆனா அட்ரஸ் கெடச்ச உடனே பஸ் ஏறாதீங்க, போன் பண்ணிட்டு கிளம்புங்க. ஸ்கூல் ரூம், சர்ச் ஹால்னு கேட்டு வாங்கின இடத்துல நடக்கறது, பரீட்சை, திருவிழான்னா நாளோ இடமோ மாறிரும். மொத நாள் வந்து பூட்டின கதவை பாத்தவன் திரும்பி எங்க போவான்னு உங்களுக்கே தெரியும்.

சர்ச் ஹால்ல நடக்குதாம். மதம் மாத்திருவாங்களோன்னு அம்மா பயப்படறாங்க. (பல்லடம்)

மாத்த மாட்டாங்க. எடம் கெடச்சுது, அவ்வளவுதான். குடியை விட ஏ.ஏ.ல சொல்ற வழிமுறை, 12 படிகள்னு பேரு, அதுல கடவுள்ங்கற பேச்சு வரும், ஆனா அவங்கவங்க புரிஞ்சுக்கிட்ட கடவுள்னுதான் இருக்கு, உங்களுக்கு முருகன்னா முருகன். சேர ஒரே தகுதி குடியை விடணும்ங்கற ஆசை. கட்டணமும் கிடையாது, கடைசில ஒரு பை சுத்தி வரும், இருந்தா போடுங்க.

கோபில எல்லாருக்கும் என்னைத் தெரியும், யாராச்சும் பாத்துட்டா?

ஈரோட்டுக்கு போங்க. ஆதார் கேக்க மாட்டாங்க, முழுப்பேரு கூட சொல்ல வேண்டாம். உள்ள உக்காந்திருக்கறவரும் உங்களை மாதிரி பயந்துதான் மொத நாள் வந்திருப்பாரு. கிளம்பறதுக்கு முன்னாடி போன்.

பழனிக்கு மாலை போட்டா நான் தொடறதே இல்ல, அப்பறம் எதுக்கு டாக்டரு, மீட்டிங்கு?

மாலையைக் கழட்டின அன்னிக்கு ராத்திரி என்ன ஆகுதுன்னு எழுதவே இல்லையே. அது இருக்கட்டும், தெனமும் காலைல எந்திரிச்சதும் ஊத்தறவரு மாலை போட்டேன்னு பட்டுன்னு நிறுத்தறது ஆபத்துங்க. சில மணி நேரத்துல கை நடுங்க ஆரம்பிக்கும், மொத ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாத ஆளு தெரியறது, ராத்திரி எந்திரிச்சு தறி ஓட்டற மாதிரி கையை ஆட்டறதுன்னு போகும், வீட்ல சாமி வந்திருச்சுன்னு விபூதி போட்டுட்டு இருப்பாங்க, உசுரு போற விஷயம் அது. வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மருந்துன்னு ஆஸ்பத்திரில பாத்துக்குவாங்க. மொதல்ல டாக்டரு, அப்பறம் மாலை, கூடவே மீட்டிங்.

மீட்டிங்கெல்லாம் அவரு வரமாட்டாரு. அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலக்கற பவுடர், மாத்திரை ஏதாச்சும் சொல்லுங்க. (பொள்ளாச்சி, இன்னும் நாலஞ்சு ஊரு)

எத்தனை தடவதான் எழுதறது. கலக்காதீங்க. கலக்காதீங்க. பஸ் ஸ்டாண்டு செவுத்துல போன் நம்பரோட ஒட்டியிருக்கற பவுடர்ல என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. மாத்திரைன்னு நீங்க கேக்கறது டைசல்ஃபிராம். நல்ல மருந்துதான், ஆனா குடிக்கறவரு ஒத்துக்கிட்டு, ஈரல் டெஸ்ட், ஈ.சி.ஜி. எல்லாம் பாத்து, கடைசியா குடிச்சு 12 மணி நேரமாச்சும் ஆனப்பறம் டாக்டரு ஆரம்பிக்கறது. சாராயம் ஒடம்புல ஒடையறப்ப நடுவுல வர்ற அசிட்டால்டிஹைடுங்கற விஷத்தை மேல ஒடைய விடாம இது தடுத்துரும். அதனாலதான் மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் எறங்குது. இதய நோய் இருக்கறவருக்கு அங்கயே முடிஞ்சிரும். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் கூட இந்த ஆபத்து இருக்கு. தெரிஞ்சு முழுங்கறவரு குடிக்க மாட்டாரு, அதான் வைத்தியம். ரசத்துல போட்டா அவருக்கெப்படி தெரியும்? வழக்கம்போல குடிப்பாரு, நீங்க ஆம்புலன்ஸ் தேடுவீங்க. கலந்தது நீங்கதான்னு அப்பறம் தெரிஞ்சா அந்த வீட்ல பேச்சுவார்த்தையே இருக்காது, டாக்டரு குடுக்கற மாத்திரையக்கூட தொட மாட்டாரு. சொந்தக்காரங்கதான் இந்த யோசனையைக் குடுக்கறது, பாஸ் ஆனதை மட்டும் சொல்வாங்க.

அவரு வராட்டி போகட்டும், நீங்க போங்க அம்மிணி. அல்-அனான்னு குடும்பத்துக்குன்னே தனி மீட்டிங் இருக்கு, 1951ல இருந்து நடக்குது. அவரைத் திருத்தற எடமில்ல, உங்க தூக்கத்தை மீட்டுக்கற எடம். அதுக்கும் போன் பண்ணிட்டே போங்க.

ரெண்டு தடவ போனேன், அவங்கவங்க கதையே சொல்லிட்டு இருக்காங்க. (திருப்பூர்)

அதான் மீட்டிங். ஒரு ஆறு தடவையாச்சும், ரெண்டு மூணு வேற வேற குரூப்புக்கு போய் பாத்துட்டு எழுதுங்க. பனியன் கம்பெனில சனிக்கிழமை சம்பளம்னா சனிக்கிழமை சாயங்காலம் எங்க நடக்குதுன்னு மொதல்ல தேடுங்க, கவர் கைக்கு வந்த நேரத்துல நீங்க அந்த நாற்காலில உக்காந்திருக்கணும்.

சம்சாரத்தையும் கூட்டிட்டு வரலாமா?

ஓபன் மீட்டிங்னா வரலாம், குளோஸ்டுன்னா நீங்க மட்டும்.

கெடா விருந்துல ஒரே ஒரு பெக்?

வேண்டாம். சாப்ட்டு கிளம்புங்க.

போனதுக்கு சர்டிபிகேட் தருவாங்களா, மில்லுல கேக்கறாங்க.

பேரையே எழுதாத எடத்துல எதுக்குங்க சர்டிபிகேட்டு. மில்லுக்கு பேப்பர்தான் வேணும்னா ஜி.எச். ஓ.பி. சீட்டைக் காட்டுங்க.